நூற்று நாற்பது நாள் பிந்தி

சலவைக்கூடத்தில் எல்லோரும் அவரை ஆவி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேய், பிசாசு என்று எதுவும் அப்போது யார் மனதிலும் இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக நீராவி பிரஸ் ஓட்டுகிறவர்; அதில் வந்த பெயர். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டைத் தட்டின் மேல் விரித்து, மேல்தட்டை இழுத்து மூடி, காலால் மிதியை அழுத்துவார். குபுக்கென்று வெள்ளையாகப் புகை கிளம்பும். அதற்குள் அவர் அரை ஆளாகத் தெரிவார். “நம்ம கூடத்துல பகல்லயே ஆவி நடமாடுது” என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் உதட்டைப் பார்த்து அதைப் படித்து அவரும் சிரிப்பார்.

காது கேட்காது. ஒன்பது வயதில் ஒரு காய்ச்சல் வந்து இருபது நாள் இருந்தது. போகும்போது இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு முன்பே பேச்சு வந்துவிட்டதால் பேசுவார். கொஞ்சம் உரக்க, ஏற்ற இறக்கம் இல்லாமல். மற்றவர்கள் பேசுவதை உதட்டில் படிப்பார். மீதியை உடம்பு சொல்லிவிடும். துணி பிழிகிற பெரிய இயந்திரம் பாரம் ஒரு பக்கம் சாய்ந்து ஆடத் தொடங்கினால், அதன் அருகில் நிற்பவருக்குத் தெரியுமுன் இருபதடி தள்ளி நிற்கிற இவருக்கு உள்ளங்காலில் தெரிந்துவிடும். கையைத் தூக்கி “நிறுத்து” என்பார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை என்று அங்கே மேற்பார்வையாளராக இருப்பவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். காது கேளாதவர்களுக்கான கருவிகளை விற்கிற, பழுது பார்க்கிற கடையில் சர்வீஸ் கவுண்டரில் உட்காருபவள். ஆவி அக்கா எனக்குப் பழக்கமானது அப்படித்தான். நான் பார்த்ததையும், பிறகு அவர் வாயால் கேட்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான முதல் வாரமே மீசையை எடுத்துவிட்டாராம். அவருடைய அக்கா, தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர், அதைப் பார்த்துவிட்டு, “முகம் என்னடா முட்டை மாதிரி இருக்கு?” என்று கேட்டிருக்கிறார்.

“மீசை உதட்டை மறைக்குது. நான் பேசறது அவளுக்குத் தெரிய வேண்டாமா?”

அந்த மீசைக்காக நாத்தனார் இவரை மன்னிக்கவே இல்லை. நூலகம் ஒன்றில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷி. யாரையும் அதட்ட மாட்டார்; பார்வையாலேயே உட்கார வைத்துவிடுவார். தம்பி வீட்டுக்கு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித் தனியாக இருந்தார். தம்பிக்குப் பிள்ளைகள் இல்லை.

ஐம்பத்து மூன்று வயதில், ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பி ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த கணவர் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது. வலது கையும் காலும் போயின, பேச்சு போயிற்று, எழுத வராது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டதால் இவருக்காக இருபத்தாறு வருடம் மழித்து வைத்திருந்த அந்த உதட்டிலும் படிக்க ஒன்றுமில்லாமல் போயிற்று.

“அவருக்குப் பேச வராது, அவளுக்குக் கேட்காது. நல்ல ஜோடிப் பொருத்தம்” என்று கீழே வாசலில் நின்று இரண்டு பேர் பேசிக்கொண்டதை, மாடி ஜன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த இவர் வார்த்தை விடாமல் படித்துவிட்டார். “நல்லாத்தான் சொன்னாங்க, எனக்கே சிரிப்பு வந்துச்சு” என்று என்னிடம் சொன்னார்.

அப்போதுதான் எங்கள் கடையில் அந்தக் கருவியை வாங்கினார்கள். இரண்டு துண்டுகள் கொண்டது. ஒன்று, கட்டில் கம்பியில் மாட்டுகிற சிறு பெட்டி. அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பொத்தான். இன்னொன்று, மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற பட்டை. பொத்தானை அழுத்தினால் அந்தச் சேதி செல்போன் சிக்னல் வழியாகப் போய், பட்டை எங்கே இருந்தாலும் அதிரும். எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அவ்வளவு நேரம் அதிரும். சேதி கிளம்பியதும் பெட்டியில் பச்சை விளக்கு எரியும். பட்டை கட்டியிருப்பவர் பதிலுக்கு அதை ஒரு முறை அமுக்கினால் பெட்டியில் மஞ்சள் விளக்கு எரியும். அவ்வளவுதான்.

இருவரும் ஒரே சாயங்காலத்தில் ஒரு பாஷை செய்துகொண்டார்கள். இவர் ஒவ்வொன்றாகக் கேட்க, அவர் இடது கையால் அழுத்திக் காட்டினார். ஒரு சின்ன அழுத்தல் என்றால் தண்ணீர். இரண்டு சின்னது, வா. மூன்று, வலிக்கிறது.

“அவ்வளவு போதும்ல?” என்று கேட்டாராம் இவர். அவர் போதாது என்று தலையாட்டிவிட்டு, பொத்தானை ஒரே நீளமாக அழுத்தினார்.

“இது என்ன? பசியா?” இல்லை. “டி.வி. போடணுமா?” இல்லை. “படுக்கையை மாத்தணுமா?” அதுவும் இல்லை. இவர் யோசித்து யோசித்துக் கடைசியில், “சும்மாவா?” என்றார். அவர் பாதி முகத்தால் சிரித்தார்.

காலை எட்டு மணிக்கு இவர் வேலைக்குக் கிளம்புவார். பதினொரு மணிக்குப் பக்கத்து வீட்டம்மா வந்து சாப்பாடு கொடுத்து, தண்ணீர் கொடுத்து, திருப்பிப் படுக்க வைத்துவிட்டுப் போவார். இவர் நாலு மணிக்குத் திரும்புவார். அந்த இடைவெளி முழுக்கப் பட்டை அதிர்ந்துகொண்டே இருக்கும். பெரும்பாலும் நீளமானதுதான். சும்மா. அரை மணி கழித்து இன்னொரு சும்மா. சூடான தட்டு ஒரு கையில், கோட்டுக் கழுத்து ஒரு கையில் இருக்கும்போது மணிக்கட்டு திடுக்கென்று அதிர்ந்தால் என்ன ஆகும்? ஒரு நாள் முன்கையில் சுட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “வேலை நேரத்துல சும்மா சும்மா அடிக்காதீங்க. பாருங்க, கை வெந்துபோச்சு” என்று காட்டினார். குரல் உரக்கத்தான் இருக்கும் அவருக்கு எப்போதும். அன்று கூடுதலாக இருந்திருக்கும்.

அதற்கு மூன்றாம் நாள், கட்டட வேலை நடக்கிறது என்று பிரஸ் பகுதி முழுவதையும் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத, தடித்த சுவர்கள் கொண்ட இடம். அங்கே சிக்னல் எட்டாது. அது யாருக்கும் ஒரு விஷயமாகத் தோன்றவில்லை. வேலை நேரத்தில் போன் பேசக் கூடாது என்பது அங்கே விதி. ஆவி அக்காவோ போன் பேசுகிற ஆளே இல்லை.

பட்டை அதிர்வது நின்றது.

“சொன்னதைக் கேட்டுக்கிட்டாரேன்னு முதல் ரெண்டு நாள் நிம்மதியா இருந்துச்சு. அப்புறம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஒண்ணாவது அனுப்பலாம்லன்னு தோணும். நானே வேண்டாம்னு சொல்லிட்டு நானே எப்படிக் கேக்கறது?” என்றார் என்னிடம்.

வீட்டில் அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். திட்டியதற்குக் கோபம் என்று இவர் நினைத்தார். ஒரு நாள் சாயங்காலம் அவர் பெட்டியைக் காட்டி, இடது கையால் காற்றில் ஏதோ சொல்லப் பார்த்தார். இவர் பட்டையை அமுக்கிக் காட்டினார். மஞ்சள் விளக்கு எரிந்தது. “நல்லாத்தானே வேலை செய்யுது” என்றார். அவர் அந்த விளக்கையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

கீழ்த்தளத்துக்குப் போன எட்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, பதினொரு மணிக்கு வந்த பக்கத்து வீட்டம்மா அவர் இறந்து கிடப்பதைப் பார்த்தார். இடது கை பொத்தான் மேல் இருந்தது.

மேற்பார்வையாளர் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் முதலில் பிரஸ்ஸின் மின்சாரத்தை நிறுத்தினாராம். “சுவிட்சை அணைச்சதும் தெரிஞ்சுபோச்சு. வேற எதுக்கும் அவர் மிஷினை நிறுத்த மாட்டார்” என்றார் ஆவி அக்கா.

அன்று நாத்தனார் கேட்டது ஒரே கேள்வி. “அவன் உன்னைக் கூப்பிட்டானா?”

“இல்லை அண்ணி. ஒண்ணுமே வரலை.”

நாத்தனார் தம்பியின் இடது கையைப் பார்த்தார். “கட்டியிருந்தியா, கழட்டி வச்சிருந்தியா?”

“கட்டியிருந்தேன்.”

நம்பவில்லை என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எல்லாம் முடிந்து கிளம்பும்போது நாத்தனார் கட்டில் கம்பியிலிருந்து அந்தப் பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். தம்பி கடைசியாகத் தொட்ட பொருள். தனக்கு வேண்டும் என்றார். இவர் தடுக்கவில்லை.

இரண்டு மாதத்தில் கட்டட வேலை முடிந்து பிரஸ் பகுதி மறுபடி மேலே வந்தது. இவர் பட்டையைக் கழற்றவில்லை. சார்ஜ் போட்டு, கட்டிக்கொண்டுதான் இருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, “அது இல்லாட்டி கை லேசா இருந்துச்சு. லேசா இருக்கறது பிடிக்கலை” என்றார்.

அவர் இறந்து மூன்று மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு, ஒரு கோட்டின் மேல் தட்டை இழுத்து மூடிய நேரத்தில் பட்டை அதிர்ந்தது. ஒரே நீளமாக.

கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். துணி தீய்ந்த வாசனை வந்ததும்தான் பக்கத்திலிருந்தவள் ஓடிவந்து தட்டைத் தூக்கினாள்.

பதினொன்றரைக்கு இன்னொன்று. மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் மூன்று. நரம்புக் கோளாறு, வீட்டில் ஆள் போன துக்கத்தில் உடம்பு ஏமாற்றுகிறது என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தார். பட்டையைக் கழற்றி எதிரே எஃகுத் தட்டில் வைத்தார். ஒரு மணி நேரம் சும்மா கிடந்தது. பிறகு, யாரும் தொடாமல், மல்லாந்து விழுந்த வண்டு மாதிரித் தட்டில் நடுங்கிக்கொண்டு விரற்கடை தூரம் நகர்ந்தது. அவர் அதைக் கையில் எடுக்கப் பத்து நிமிடம் ஆயிற்று.

ஆனால் அவர் பயந்து மூலையில் உட்காருகிற ஆள் இல்லை. கவனித்தார். காலை எட்டரைக்கு முன்னால் வருவதில்லை. மூன்றரைக்குப் பின்னால் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லை. “செத்தவங்களுக்கு ஞாயிறு லீவா? அப்பவே தெரிஞ்சுது, இது உயிரோட இருக்கற யாரோ பண்ற வேலைன்னு” என்றார்.

பெட்டி யாரிடம் இருக்கிறது? நாத்தனாரிடம். இவர் எப்போது வேலையில் இருப்பார் என்று தெரிந்தவர் யார்? நாத்தனார்.

ஒரு புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய்க் கதவைத் தட்டினார். கதவு திறந்ததும், “ஏன் அண்ணி இப்படிப் பண்றீங்க? என்மேல கோபம்னா நேரா ரெண்டு அறை அறைஞ்சிருங்க. அவர் மாதிரி அடிக்காதீங்க” என்றார்.

நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்தது. அலமாரியைத் திறந்து, தம்பியின் இரண்டு சட்டைகளுக்கு நடுவிலிருந்து பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். வயர் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. பேட்டரி வெளியே எடுத்துத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தது.

“கொண்டுவந்த அன்னிக்கே எடுத்துட்டேன். என்னை என்னன்னு நினைச்சே நீ?”

இவர் பதில் சொல்ல வாய் திறக்கும்போதே பட்டை அதிர்ந்தது. நீளமாக. முகம் மாறியதைப் பார்த்த நாத்தனார், என்ன ஏது என்று கேட்காமல் எட்டி அந்த மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த விரல்களுக்குள் பட்டை இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. மேஜைமேல் பேட்டரி இல்லாத பெட்டி இருவருக்கும் நடுவில் இருந்தது.

நாத்தனார் கையை உதறிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “முதல்ல அதைக் கழட்டித் தூரப் போடு” என்றார். பிறகு, “வேண்டாம், போடாதே” என்றார்.

அதற்கடுத்த வாரம்தான் ஆவி அக்கா என் கவுண்டருக்கு வந்தார். பட்டையை என் முன்னால் வைத்துவிட்டு, “இதை யார் அடிக்கறாங்கன்னு கண்டுபிடிச்சுக் குடும்மா. மனுஷனா, வேற ஏதாவதான்னு மட்டும் சொன்னாப் போதும்” என்றார்.

நான் பட்டையின் எண்ணைத் தட்டி, கணினியில் அதன் பதிவைத் திறந்தேன். வேறு யாரோ தவறிப்போய் அனுப்புகிறார்கள் என்று காட்டும் என்று நினைத்தேன். ஒரு பட்டியல் வந்தது. ஒவ்வொரு வரியிலும் இரண்டு தேதிகள்: சேதி அனுப்பிய நாள், போய்ச் சேர்ந்த நாள். இரண்டுக்கும் நடுவே எல்லா வரியிலும் ஒரே இடைவெளி. நூற்று நாற்பது நாள். சரியாக இருபது வாரம். நேரம் மட்டும் நிமிடம் பிசகாமல் அதேதான். பட்டியலின் முதல் தேதியைச் சொல்லி, அது என்ன நாள் என்று அவரைக் கேட்டேன். கீழ்த்தளத்துக்குப் போன நாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கீழ்த்தளத்தில் சிக்னல் இல்லாததால் எந்தச் சேதியும் அவரை எட்டவில்லை. எட்டாதவை எல்லாம் கருவியைச் செய்கிற கம்பெனியின் பெரிய கணினியில் அடைந்து கிடந்தன. நேரம் தாண்டிய சேதியைப் பிறகு அனுப்பாமல் அழித்துவிடுவதுதான் பழைய வழக்கம். புதிதாக மென்பொருள் மாற்றியபோது எங்கேயோ நாட்கணக்கு தவறி, பூட்டிக் கிடந்தவற்றை அது வரிசையாக அனுப்பத் தொடங்கியிருக்கிறது. ஏன் என்று கம்பெனிப் பொறியாளர்கள் என்னிடம் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள்.

அவர் என் உதட்டைப் பார்க்கும்படி நேராக உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னேன். “அக்கா, இது வேற யாரும் இல்லை. அவர்தான். அவர் உயிரோட இருந்தப்போ அனுப்பினது. இப்பத்தான் வந்து சேருது.”

அவர் அழவில்லை. “அப்போ நிறுத்தலையா அவர்?” என்று கேட்டார்.

“நிறுத்தலை அக்கா. தினமும் அனுப்பியிருக்கார்.”

“பச்சை விளக்கு எரிஞ்சிருக்கும். எனக்குக் கிடைச்சிருச்சுன்னு நினைச்சிருப்பார். நான் பதில் அமுக்கலைன்னு நினைச்சிருப்பார்.” பட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இன்னும் எத்தனை இருக்கு?”

“அறுபத்து மூணு.”

“கடைசி நாள்ல?”

நான் ஏற்கனவே பார்த்துவிட்டிருந்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். “நாலு” என்றேன். என்ன நாலு என்று சொல்ல வாயெடுக்கும்போது அவர் உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டார்.

“சொல்லாதே.”

“வேணும்னா எல்லாத்தையும் இப்பவே அழிச்சிடறேன் அக்கா. ஒரு நிமிஷ வேலை.”

“அவர் எனக்கு அனுப்பினது. அழிக்கறதுக்கு நீ யாரு, நான் யாரு? வரட்டும்.”

பட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, “அந்த வியாழக்கிழமை என்னிக்கு வருது?” என்று கேட்டார். நாள்காட்டியில் எண்ணிச் சொன்னேன். ஐந்து வாரம் இருந்தது.

அந்த ஐந்து வாரம் எனக்கும் நல்லபடியாகப் போகவில்லை. அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது. நடுவில், அடைந்து கிடக்கிற பழைய சேதிகளை எல்லா வாடிக்கையாளர் பதிவிலிருந்தும் உடனே நீக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அவருடைய எண்ணை மட்டும், கருவி பழுது பார்ப்பில் இருக்கிறது என்று பொய் எழுதித் தள்ளி வைத்தேன். வேலையில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

அவர் வாரம் ஒரு முறை கடைக்கு வந்து உட்கார்ந்து போவார். ஒரு பழைய நாள்காட்டியைப் பையில் வைத்திருந்தார். ஒவ்வொரு சேதியும் வந்ததும், இருபது வாரம் பின்னால் எண்ணி, அது எந்த நாள், அன்றைக்குத் தான் என்ன செய்தோம் என்று யோசித்துக்கொண்டே இருந்தார். பெரும்பாலும் சும்மாதான். அவற்றைச் சொல்லும்போது முகம் தெளிவாக இருக்கும். ஒரு நாள் மூன்று சின்னது வந்திருந்தது.

“வலிச்சிருக்கு அவருக்கு. எங்க வலிச்சுதோ. அன்னிக்கு நான் வர்ற வழியில கடையில நின்னு செருப்பு பார்த்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு ஜோடி போட்டுப் பார்த்தேன்.”

இன்னொரு நாள் பகல் பன்னிரண்டு ஐந்துக்கு ஒரே ஒரு சின்னது. தண்ணீர். பக்கத்து வீட்டம்மா பதினொன்றரைக்கே போயிருப்பார். இவர் வர நாலு மணி. பன்னிரண்டு இருபதுக்கு மறுபடி ஒன்று. ஒரு மணிக்கு ஒன்று. அப்புறம் இல்லை. அன்றைக்கு அந்தப் புழுக்கத்தில் நின்றுகொண்டு ஆவி அக்கா நாலு மணிவரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடவில்லை என்று மேற்பார்வையாளர் பிறகு சொன்னார். மயங்கி விழப் பார்த்திருக்கிறார். சலவைக்கூடத்தில் இப்போது யாரும் அவரை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வெறுமனே அக்கா என்கிறார்கள்.

கடைசி வாரம் அவர் நாத்தனார் வீட்டுக்குப் போனார். நான் சொன்னதை எல்லாம் சொன்னார். “வியாழக்கிழமை காலையில வாங்க அண்ணி. அவர் கூப்பிட்டாரான்னு கேட்டீங்கல்ல. அன்னிக்குத் தெரியும்” என்றார்.

நாத்தனார் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார். அந்தக் கட்டில் அங்கேயே இருந்தது. விரிப்பு மட்டும் எடுத்திருந்தது. அதன் ஓரத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஆவி அக்கா மணிக்கட்டைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். நாத்தனார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கேட்காமல், தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்துக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் அப்படியே போயிற்று.

பத்து முப்பத்து நாலுக்கு இரண்டு சின்னது.

பத்து முப்பத்தாறுக்கு இரண்டு சின்னது.

பத்து நாற்பத்தொன்றுக்கு மறுபடி இரண்டு.

“என்ன சொல்றான்?” என்று கேட்டார் நாத்தனார். அவருக்கு அந்தப் பாஷை தெரியாது. கேட்டது உதட்டில் தெரிந்தும் இவர் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நாற்பத்து மூன்றுக்கு நீளமானது தொடங்கியது. வழக்கமாக அவருடைய சும்மா இரண்டு விநாடி இருக்கும். இது நிற்கவே இல்லை. அதிர்ந்துகொண்டே இருந்தது. இருவர் கையும் சேர்ந்து அதிர்ந்தன. பிறகு நின்றது.

பதினோரு விநாடி. என் கணினியில் அப்படித்தான் பதிவாகியிருந்தது. அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, பரவாயில்லை, சும்மாதான் என்று சொன்னாரா, அல்லது உயிர் போன கை தானாகப் பொத்தான் மேல் விழுந்து கிடந்ததா என்று எந்தக் கணினியும் சொல்லாது. ஆவி அக்கா என்னிடம் ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

“கூப்பிட்டார் அண்ணி” என்றார் இவர். “மூணு தடவை. வா, வா, வான்னு.”

பொய் சொல்லியிருக்கலாம். அந்தப் பாஷை உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் மிச்சம்.

நாத்தனார் கையை எடுக்கவில்லை. “நீ வந்திருக்கணும்” என்றார்.

“ஆமா.”

“சிக்னல் அது இதுன்னு எனக்குத் தெரியாது. வந்திருக்கணும்.”

“ஆமா அண்ணி.”

நாத்தனார் சமாதானம் சொல்லவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்து, ஒரு கோப்பையை இவர் கையில் கொடுத்தார். சாயங்காலம்வரை இருந்தார். இருட்டுவதற்குள் கிளம்புகிறேன் என்று எழுந்தவர், வாசலில் நின்று யோசித்துவிட்டுத் திரும்பி உள்ளே வந்து செருப்பைக் கழற்றினார்.

மறுவாரம் ஆவி அக்கா மேற்பார்வையாளர் முன்னால் போய் நின்றார். கீழ்த்தளத்தில் அழுக்குத் துணி பிரிக்கிற பிரிவு இன்னும் இருக்கிறது. பதினாறு பேர் வேலை செய்கிறார்கள். “அங்க சிக்னல் வர்றதுக்கு ஒரு கருவி மாட்டுங்க. கீழ இருக்கறவங்க ஒவ்வொருத்தருக்கும் வீட்டுல யாரோ இருக்காங்க” என்றார். விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதம் பதில் இல்லை. மூன்றாம் மாதம் ஒரு நாள் காலை, பிரஸ்ஸைப் போடாமல், கையைக் கட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றார். என்ன ஏது என்று யார் கேட்டாலும் உதட்டைப் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது கேளாதவரோடு எப்படிச் சண்டை போடுவது? மத்தியானத்துக்குள் அறுவை சிகிச்சைக்குப் போகவேண்டிய கவுன்கள் மலையாகக் குவிந்துவிட்டன. அந்த வாரமே கருவியை மாட்டினார்கள்.

போன மாதம் பட்டைக்குப் புது வார் மாற்றிக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது நாத்தனார். இப்போது அங்கேயேதான் இருக்கிறார். ஆவி அக்கா உள்ளே அந்தக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பலாமா என்று தயங்கி நின்றேன்.

“எழுப்பணும்னா கால் கட்டைவிரலைத் தொடும்மா” என்றார் நாத்தனார், தாழ்ந்த குரலில். “தோள்ல கை வைக்காதே. தோள்ல வச்சா அவன்னு நினைச்சு எழுந்துக்கறா. அப்புறம் அந்த முகத்தைப் பார்க்க முடியலை.”